படியின் எண்ணிக்கையும் மரபணுவின் வெளிப்பாடும்: உயிரியல், மருத்துவ ஆய்வுகளின் அளவீட்டு மொழி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயிரணு ஒன்றில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு செயற்படுகின்றன என்பதை அறியும் முயற்சி மரபணு வெளிப்பாட்டு அளவீடு எனப்படுகிறது. தாவரவியல் முதல் புற்றுநோய் மருத்துவம் வரை பல துறைகள் இவ்வளவீட்டைச் சான்றாகக் கொள்கின்றன. ஆயினும் ஆய்வுரைகளில் ‘வெளிப்பாடு’ எனப் பேசப்படுவதும் ஆய்வகத்தில் எண்ணப்படுவதும் ஒன்றல்ல. பெரும்பாலான ஆய்வுகளில் எண்ணப்படுவது தூது ஆர்.என்.ஏ. படிகளின் ஒப்பீட்டளவே ஆகும். படியின் எண்ணிக்கைக்கும் வெளிப்பாடு என்னும் முடிவுக்கும் இடையே பல தேர்வுகள் அமைந்துள்ளன. அத்தேர்வுகளைப் புலப்படுத்தாத ஆய்வுரையின் எண்கள் சான்றாகும் தகுதியை இழக்கின்றன என்பதை, அளவீட்டு முறைகளையும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக நிகழ்வையும் கொண்டு இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரபணு வெளிப்பாடு, படியெடுத்தல், மேற்கோள் மரபணு, இயல்பாக்கம், மைக்ரோஅரே, ஆய்வு நம்பகத்தன்மை.

முன்னுரை

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். என்னும் சொல் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியது. ‘சி.டி. மதிப்பு எவ்வளவு?’ என்று நோயாளிகளின் உறவினர் கேட்கும் அளவுக்கு ஓர் ஆய்வக எண் பொதுவழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னரே இம்முறை மரபணு வெளிப்பாட்டை அளவிடும் கருவியாக உலகெங்கும் உள்ள உயிரியல் ஆய்வகங்களில் நிலைபெற்றிருந்தது. பொதுமக்களிடம் அந்த எண் வந்து சேர்ந்தபோது, அது நோயின் கடுமையை நேரடியாகக் காட்டும் அளவு என்றே பலரும் கருதினர். மாதிரி எடுத்த முறை, கருவி, வினைப்பொருள் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும் என்பது பேசப்படவில்லை. எண்ணை அதன் பிறப்பிடத்திலிருந்து பிரித்து வாசிக்கும் இப்பழக்கம் பொதுமக்களுக்கு மட்டும் உரியதன்று. துறை அறிஞர்களின் ஆய்வுரைகளிலும் இது காணப்படுகிறது.

அறிவியல் ஆய்வுரையும் ஒரு பனுவலே. அதன் சொற்றேர்வு, சான்று கூறும் முறை, மறைத்தும் வெளிப்படுத்தியும் செல்லும் போக்கு ஆகியன திறனாய்வுக்கு உரியவை. மரபணு வெளிப்பாட்டு எண் தானே ஓர் உண்மையைக் கூறுவதில்லை, அது தோன்றிய வழி முழுவதும் காட்டப்படும்போதே சான்றாகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

1. சொல்லும் பொருளும்

மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படியில் உள்ள செய்தி பின்னர்ப் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. புரதமே உயிரணுவில் பெரும்பாலான பணிகளைச் செய்கிறது. இம்முழு நிகழ்வுக்குமான பெயரே ‘வெளிப்பாடு’ என்பதாகும். ‘உணர்ச்சி வெளிப்பாடு’, ‘வெளிப்பாட்டு உத்தி’ என இலக்கியத் திறனாய்விலும் பயின்று வரும் இச்சொல், உள்ளே மறைந்திருக்கும் ஒன்று தடையின்றி வெளியே வந்துவிட்டது என்னும் பொருட்சாயலைக் கொண்டது. ஒரு மரபணுவின் வெளிப்பாடு அளக்கப்பட்டது என்று எழுதும்போது, அதன் செயல் முழுவதும் அளக்கப்பட்டது என்ற எண்ணத்தை இச்சொல் இயல்பாகவே எழுப்புகிறது.

‘படியெடுத்தல்’ என்னும் கலைச்சொல்லோ இதனினும் துல்லியமானது. ஏட்டுச்சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதுவதைக் குறித்து வழங்கிய சொல் அது. ஆய்வகத்தில் எண்ணப்படுவது பெரும்பாலும் இப்படிகளையே. ஒரு நூலுக்கு இன்று எத்தனைச் சுவடிகள் கிடைக்கின்றன என்பது, அது எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை மட்டும் பொறுத்ததன்று. எத்தனை ஏடுகள் செல்லரித்தும் தீப்பட்டும் அழிந்தன என்பதையும் பொறுத்தது. மேலும், சுவடிகளின் எண்ணிக்கை அந்நூல் எவ்வளவு வாசிக்கப்பட்டது என்பதைக் கூறிவிடாது. தூது ஆர்.என்.ஏ.வின் நிலையும் இதுவே. உயிரணுவில் ஒரு நேரத்தில் காணப்படும் படிகளின் அளவு, படியெடுக்கும் விரைவும் படி சிதையும் விரைவும் சேர்ந்து தீர்மானிப்பதாகும். அப்படிகள் எத்தனை முறை புரதமாக மொழிபெயர்க்கப்பட்டன என்பது வேறொரு வினா.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011இல் நேச்சர் இதழில் வெளியான ஷ்வான்ஹொய்சர் குழுவினரின் ஆய்வு, எலியின் உயிரணுக்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ. அளவையும் புரத அளவையும் ஒருங்கே அளந்தது. புரத அளவுகளில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மட்டுமே தூது ஆர்.என்.ஏ. அளவால் விளக்க முடிந்தது. தூது ஆர்.என்.ஏ.வின் இடைநிலை அரைவாழ்வு ஏறத்தாழ 9 மணி நேரம் எனவும் புரதத்தினது 46 மணி நேரம் எனவும் அவ்வாய்வு கணித்தது. அளவீட்டுப் பிழைகளைத் திருத்திப் பார்த்தால் அவ்விழுக்காடு உயரும் எனப் பின்வந்தோர் வாதிட்டனர். விழுக்காடு எதுவாயினும், படியின் அளவைக் கொண்டு செயலின் அளவை அப்படியே கூறிவிட இயலாது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2. எண்ணப்படுவது எது?

தூது ஆர்.என்.ஏ.வை அளக்கும் முறைகள் அரைநூற்றாண்டுக் காலத்தில் விரைந்து வளர்ந்துள்ளன. 1977இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நார்தர்ன் பிளாட் முறை ஒரு நேரத்தில் ஒரு மரபணுவின் படிகளைப் பட்டையாகக் காட்டியது. பட்டையின் அடர்த்தியே அளவு. 1995இல் அதே பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் பிரவுன் குழுவினர், அராபிடாப்சிஸ் என்னும் சிறு தாவரத்தின் 45 மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து ஒரே நேரத்தில் அளந்தனர். மைக்ரோஅரே எனப்படும் இம்முறை சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் மரபணுக்களை ஒரே சில்லில் அளக்கும் நிலைக்கு உயர்ந்தது. 2008 முதல் ஆர்.என்.ஏ. துணுக்குகளை வரிசையறிந்து எண்ணும் ஆர்.என்.ஏ.-செக் முறை பரவியது.

இம்முறைகள் எவையும் படிகளை உயிரணுவுக்குள் இருக்கும் நிலையில் எண்ணுவதில்லை. திசு எடுக்கப்பட்ட கணம் முதல் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்குகிறது. அதனைப் பிரித்தெடுக்க வேண்டும், பல முறைகளில் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியால் டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்கவும் வேண்டும், பின்னர் ஒளியாகவோ எழுத்து வரிசையாகவோ மாற்றிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு படிநிலையிலும் இழப்பும் சாய்வும் உண்டு.

நிகழ்நேர பி.சி.ஆர். முறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இம்முறையில் டி.என்.ஏ. ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிக்கும் என்பது அடிப்படை எண்ணம். ஒளிரும் சாயத்தின் அளவு ஒரு வரம்பைக் கடக்கும் சுழற்சியே சி.டி. மதிப்பாகும். முழுத்திறனுடன் இரட்டித்தால் ஒரு மூலக்கூறு 30 சுழற்சிகளில் ஏறத்தாழ 107 கோடியாகும். இரட்டிப்பதற்கு மாறாக 1.9 மடங்கே பெருகுமாயின் அதே 30 சுழற்சிகளில் ஏறத்தாழ 23 கோடியே கிடைக்கும். சிறு திறன் குறைவு நான்கரை மடங்குக்கும் மேலான வேறுபாடாக வளர்கிறது. இரு மாதிரிகளுக்கு இடையே 5 சுழற்சி வேறுபாடு தென்பட்டால், முழுத்திறன் எனக் கொள்வோர் அதனை 32 மடங்கு என எழுதுவர். உண்மைத் திறன் 1.9 எனின் அது ஏறத்தாழ 25 மடங்கே.

2001இல் லிவாக், ஷ்மிட்ஜென் இருவரும் வெளியிட்ட எளிய கணக்கீட்டு முறை பெருவழக்குப் பெற்றது. இலக்கு மரபணுவும் ஒப்பீட்டு மரபணுவும் ஏறத்தாழச் சமமான முழுத்திறனுடன் பெருகுதல் வேண்டும் என்பது அதன் முன்நிபந்தனை. அதே ஆண்டு பிஃபாஃபல், திறனை அளந்து கணக்கில் சேர்க்கும் முறையை முன்வைத்தார். முறையின் எளிமை பரவிய அளவுக்கு அதன் முன்நிபந்தனை பரவவில்லை. திறனை அளந்தோமா, இல்லையா என்று கூறாமலேயே மடங்குக் கணக்கைத் தரும் கட்டுரை, நிபந்தனையைச் சோதிக்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

3. மேற்கோள் மரபணு என்னும் அளவுகோல்

எடுத்த திசுவின் அளவும் பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் தரமும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஆகவே இலக்கு மரபணுவின் அளவை, எந்நிலையிலும் மாறாது எனக் கருதப்படும் மற்றொரு மரபணுவின் அளவால் வகுத்துக் காட்டுவது வழக்கம். இதனை இயல்பாக்கம் என்பர். வகுக்கும் மரபணு மேற்கோள் மரபணு ஆகும். உயிரணுவின் அன்றாடப் பணிகளுக்கு இன்றியமையாதவை என்பதால் ஜி.ஏ.பி.டி.எச்., பீட்டா ஆக்டின் முதலியன நெடுங்காலமாக இப்பணிக்கு அமர்த்தப்பட்டன. இவற்றிற்கு ‘வீட்டுப்பணி மரபணுக்கள்’ என்ற பெயரும் உண்டு.

இங்கு ஓர் அடிப்படைச் சிக்கல் எழுகிறது. ஜி.ஏ.பி.டி.எச். என்பது குளுக்கோசைச் சிதைத்து ஆற்றல் பெறும் வழித்தடத்தின் ஒரு நொதி. ஆக்சிசன் குறைந்த சூழலில் உயிரணு அவ்வழித்தடத்தையே மிகுதியாகச் சார்கிறது. அந்நிலையில் பல உயிரணுக்களில் ஜி.ஏ.பி.டி.எச். படிகளும் பெருகுகின்றன. புற்றுக்கட்டியின் உட்பகுதி பெரும்பாலும் ஆக்சிசன் குறைந்த இடமாகும். அளவுகோலே இருமடங்காக நீண்டுவிட்டால், சிறிதும் மாறாத இலக்கு மரபணு பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும். கட்டுரையில் அது ‘வெளிப்பாடு ஒடுக்கப்பட்டது’ என்னும் கண்டுபிடிப்பாக எழுதப்படும். நிகழ்ந்ததோ அளவுகோலின் மாற்றமே.

2002இல் வாண்டசாம்பல குழுவினர், பத்து மேற்கோள் மரபணுக்களைப் பல திசுக்களில் ஒப்பிட்டு, ஒற்றை மரபணுவை நம்பி இயல்பாக்குவது பெரும் பிழைக்கு இடந்தரும் எனக் காட்டினர். குறிப்பிட்ட ஆய்வுச் சூழலில் எவை நிலையாக உள்ளன எனச் சோதித்து, அவற்றுள் பலவற்றின் வடிவியல் சராசரியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்தம் பரிந்துரை. அதன் பின்னும் ஒற்றை மேற்கோள் மரபணு வழக்கொழியவில்லை. ‘முன்னோர் பயன்படுத்தினர்’ என்பதே பல கட்டுரைகளில் அதன் தேர்வுக்குக் காரணமாக நிற்கிறது. மரபு ஒரு காரணமாகலாம். அது சோதனைக்கு ஈடாகாது.

4. முழுமை பற்றிய தோற்றம்

ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர அளக்கும் முறைகள் வந்தபோது, மேற்கோள் மரபணுச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கருதப்பட்டது. ஆர்.என்.ஏ.-செக் முறையில் ஒவ்வொரு மரபணுவின் துணுக்குகளும் மொத்தத் துணுக்குகளில் பத்து இலட்சத்திற்கு இத்தனை என்று கூறப்படுகின்றன. மொத்தமே அளவுகோலாகிறது. இதனால் எண் முழுமை பெற்றதாகத் தோன்றினும் அது பங்கீட்டு எண்ணே ஆகும்.

ஓர் உயிரணுவில் நான்கு மரபணுக்களே இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 100 படிகள் எனின் ஒவ்வொன்றின் பங்கும் 25 விழுக்காடு. நான்காவது மரபணு மட்டும் 700 படிகளாகப் பெருகினால் மொத்தம் 1000 ஆகும். மற்ற மூன்றும் மாறாமல் 100 படிகளாகவே நிற்பினும் அவற்றின் பங்கு 10 விழுக்காடாகச் சரியும். பங்கை அளவெனக் கொள்பவர், மூன்று மரபணுக்கள் குறைந்தன என்று முடிவுசெய்வர்.

இது கற்பனைக் கணக்கோடு நிற்பதன்று. சி-மிக் என்னும் புற்றுநோய்ப் புரதம் மிகுந்த உயிரணுக்களில் மொத்த ஆர்.என்.ஏ.வே இரண்டு முதல் மூன்று மடங்காகப் பெருகுவதை ரிச்சர்டு யங் குழுவினர் 2012இல் செல் இதழில் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ எல்லா மரபணுக்களும் ஒருசேர உயரும் இந்நிலையில், இரு மாதிரிகளிலிருந்தும் சம அளவு ஆர்.என்.ஏ. எடுத்து இயல்பாக்கினால் உயர்வு முழுவதும் மறைந்துபோகிறது. சராசரிக்குக் கீழ் உயர்ந்தவை குறைந்தனவாகவும் காட்சியளிக்கின்றன. உயிரணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக்கி, அளவு தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ.வைப் புறத்தேயிருந்து சேர்த்து அளந்தபோதுதான் உண்மை நிலை தெரியவந்தது. ஒரே மாதிரியான தரவு, இயல்பாக்க முறை மாறியவுடன் எதிர்மாறான உயிரியல் முடிவைத் தந்தது இங்குக் கருதத்தக்கது.

5. பிழைகளை வாசித்தல்: டியூக் பல்கலைக்கழக நிகழ்வு

மேற்கூறியன அளவீட்டின் உள்ளமைந்த சிக்கல்கள். அளந்த எண்கள் பட்டியலாகி, பட்டியல் மருத்துவ முடிவாகும் வழியில் நேர்வன வேறு. அவற்றிற்கு மிகத் தெளிவான சான்று டியூக் பல்கலைக்கழக நிகழ்வாகும்.

2006 நவம்பரில் அனில் பொட்டி, ஜோசப் நெவின்ஸ் ஆகியோர் அடங்கிய குழுவினரின் கட்டுரை நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பேணிவரும் 60 புற்று உயிரணு வழிகளின் மைக்ரோஅரே தரவை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு மருந்துக்கு எளிதில் மடியும் உயிரணுக்களையும் அதனை எதிர்த்து நிற்கும் உயிரணுக்களையும் பிரித்து, இரண்டிலும் வேறுபடும் மரபணுக்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டு எந்த நோயாளிக்கு எந்த மருந்து பயன்தரும் எனக் கூற முடியும் என்பது கட்டுரையின் வாதம். புற்றுநோய் மருத்துவத்தில் இதன் பயன் மிகப் பெரிது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவ மையத்தினர் இம்முறையைத் தாமும் கையாள விரும்பித் தம் புள்ளியியல் அறிஞர்களான கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகியோரை நாடினர்.

அவ்விருவரும் பொதுவெளியில் கிடைத்த தரவிலிருந்து கட்டுரையின் முடிவுகளை மீட்டுருவாக்க முயன்றனர். அவர்கள் பெற்ற மரபணுப் பட்டியலும் அச்சிடப்பட்ட பட்டியலும் பொருந்தவில்லை. உற்றுநோக்கியபோது பொருந்தாமையில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. அச்சில் இருந்த மரபணுக்கள் உண்மையில் இருக்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை தள்ளி அமைந்திருந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவுவது போன்ற பிழை இது. சுவடிப் பதிப்பில் எழுதியோரின் பிழையே மூல ஏட்டின் இயல்பைக் காட்டிக்கொடுப்பதுண்டு. இங்கும் பிழையின் ஒழுங்கே அது பிறந்த இடத்தைக் காட்டியது. சில மருந்துகளுக்கு ‘மடியும்’, ‘எதிர்க்கும்’ என்னும் அடையாளங்கள் இடம் மாறியிருந்தன. ஒரே மாதிரி பலமுறை இடம்பெற்று, சில இடங்களில் முரணான அடையாளங்களுடன் காணப்பட்டது. ஒரு பட்டியலில் சிறப்பித்துப் பேசப்பட்ட மரபணுக் குறியீடுகளுள் இரண்டு, பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட சில்லிலேயே இல்லை.

அடையாளம் இடம் மாறுவதன் பொருள் யாது? ஒரு மருந்து எவருக்குப் பயன்தராதோ அவருக்கே அதனைக் கொடுக்குமாறு கணக்கு பரிந்துரைக்கும் என்பதே. இவ்வையங்களை பேகர்லியும் கூம்ப்ஸும் 2007இல் அதே இதழில் எழுதினர். 2009இல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டனர். மிக எளிய பிழைகளே மிகப் பரவலானவை என்பதும், ஆவணப்படுத்தல் போதாமையால் அவை மறைந்துகிடக்கின்றன என்பதும் அக்கட்டுரையின் சாரம். இதற்கிடையில் டியூக்கில் இம்முறையைக் கொண்டு நோயாளிகளுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மூன்று மருத்துவச் சோதனைகள் தொடங்கப்பட்டிருந்தன. 2009 அக்டோபரில் அவை நிறுத்தப்பட்டன. வெளியாரைக் கொண்டு மதிப்பீடு செய்தபின் 2010 தொடக்கத்தில் மீண்டும் தொடங்கப்பட்டன. மதிப்பீடு நடந்த காலத்தில் பேகர்லி எழுப்பிய புதிய ஐயங்கள் அம்மதிப்பீட்டாளர்களிடம் சேர்க்கப்படவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது.

2010 சூலையில் கேன்சர் லெட்டர் என்னும் செய்தியிதழ், பொட்டி தம் தன்விவரக் குறிப்பில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றதாகக் கூறியிருந்தது பொய் என வெளிப்படுத்தியது. சோதனைகள் மீண்டும் நின்றன. அவ்வாண்டு நவம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டன. 2011 சனவரியில் நேச்சர் மெடிசின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பொட்டியின் ஆய்வுரைகளில் பொய்யான தரவுகள் இடம்பெற்றன என அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் 2015இல் முடிவு செய்தது. அவர் அதனை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

மரபணுப் பட்டியலில் இருந்த பிழைகளைச் சுட்டிய திறனாய்வு மூன்று ஆண்டுகளாகச் செய்ய இயலாததைத் தன்விவரக் குறிப்பில் இருந்த ஒரு பொய் சில வாரங்களில் செய்தது. ஆய்வுச் சமூகத்தால் எளிதில் வாசிக்க முடிந்தது அந்த ஒரு வரியையே. எண்களை வாசிக்க அதனிடம் பொறுமையும் இல்லை, வாசிப்பதற்குரிய ஆவணங்களும் இல்லை. கவனக்குறைவால் நேர்ந்த பிழையும் வேண்டுமென்றே செய்த திரிபும் அச்சிட்ட எண்ணின் முகத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறிய உதவுவது எண் தோன்றிய வழியின் ஆவணம் மட்டுமே.

6. பெயரும் திரியும் நிலை

திரிபுக்குத் தீய நோக்கம் வேண்டுவதில்லை. செப்டின் 2 என்னும் மரபணுவின் பழைய குறியீட்டை எக்செல் மென்பொருள் செப்டம்பர் 2 என்னும் நாளாக மாற்றிவிடும். மார்ச் 1 என்னும் குறியீடும் அவ்வாறே. 2004இலேயே இச்சிக்கல் சுட்டப்பட்டது. எனினும் 2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வெளியான ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் கண்டது. இறுதியில் 2020இல் மனித மரபணுப் பெயரீட்டுக் குழு அம்மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றியமைத்தது. ஆய்வாளர் பட்டியலை ஒருமுறை வாசித்திருந்தால் நாள்களின் பெயர்கள் கண்ணிற் பட்டிருக்கும். பல்லாயிரம் வரிகள் கொண்ட பட்டியலை எவரும் வாசிப்பதில்லை என்பதையே இது காட்டுகிறது.

7. நெறிமுறைகளும் மறுதரப்பும்

இச்சிக்கல்களைத் துறையினர் அறியாதிருக்கவில்லை. மைக்ரோஅரே ஆய்வுகள் தரவேண்டிய குறைந்தபட்சத் தகவல்களை வரையறுத்த மியாமே நெறிமுறை 2001இலும், அளவறி பி.சி.ஆர். ஆய்வுகளுக்கான மிக்வி நெறிமுறை 2009இலும் வெளியாயின. ஆர்.என்.ஏ.வின் தரம், பெருக்கத் திறன், மேற்கோள் மரபணுவைத் தேர்ந்த காரணம் ஆகியவற்றைக் கூற வேண்டும் என மிக்வி வலியுறுத்தியது. 2012இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் டியூக் நிகழ்வை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, தரவும் கணினி நிரலும் பொதுவெளியில் இருத்தல் வேண்டும் எனவும், கணக்கீட்டு முறை முற்றிலும் உறுதிசெய்யப்பட்ட பின்னரே மருத்துவச் சோதனைக்குச் செல்லுதல் வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. நெறிமுறைகள் இருப்பது வேறு, ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் அவற்றைக் கேட்டுப் பெறுவது வேறு.

இத்துணைச் சிக்கல்கள் இருப்பின் இவ்வளவீடே பயனற்றதோ என்னும் வினா எழலாம். அவ்வாறன்று என்பதற்குத் தக்க சான்று மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் உள்ளது. ஆன்கோடைப் டி.எக்ஸ். என்னும் சோதனை 21 மரபணுக்களின் படிகளை அளக்கிறது. அவற்றுள் 16 புற்றுநோய் தொடர்பானவை, 5 மேற்கோள் மரபணுக்கள். முன்னர்க் குறை கூறப்பட்ட ஜி.ஏ.பி.டி.எச்., பீட்டா ஆக்டின் ஆகியனவும் அவ்வைந்தில் அடங்கும். ஆனால் அவை தனித்து நிற்கவில்லை. எவ்வெவற்றை அளப்பது, எவற்றால் வகுப்பது, மதிப்பெண்ணை எவ்வாறு கணிப்பது என்பன முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டு, 2004இல் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்டன. பின்னர்ப் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றோர்க்கு, ஹார்மோன் மருத்துவம் மட்டும் அளிப்பது அதனுடன் வேதிமருத்துவமும் சேர்த்து அளிப்பதற்குக் குறைந்ததன்று என அது காட்டியது. 50 வயதிற்கு உட்பட்டோருள், 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றோர்க்கு வேதிமருத்துவத்தால் ஓரளவு பயன் இருப்பதையும் அவ்வாய்வே கூறியது. தேவையற்ற வேதிமருத்துவத்தின் துன்பத்திலிருந்து பலரை விடுவிக்க அளவீடு துணைநின்றது.

டியூக் கட்டுரை, ஆன்கோடைப் சோதனை ஆகிய இரண்டும் அளந்தது தூது ஆர்.என்.ஏ. படிகளையே. இரண்டும் ஒப்பீட்டளவுகளே. ஒன்று நோயாளியை இடருக்கு உட்படுத்தியதற்கும் மற்றொன்று காத்ததற்கும் உரிய வேறுபாடு கருவியில் இல்லை. அளவிலிருந்து முடிவுக்குச் செல்லும் வழி மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதில்தான் உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• மரபணு வெளிப்பாடு எனக் கூறப்படுவது பெரும்பாலும் தூது ஆர்.என்.ஏ. படிகளின் ஒப்பீட்டளவே. படியின் அளவு, புரதத்தின் அளவையோ செயலின் அளவையோ முழுமையாகக் காட்டுவதில்லை.

• மேற்கோள் மரபணு, இயல்பாக்க முறை, பெருக்கத் திறன் ஆகியன முடிவையே மாற்றவல்ல தேர்வுகள். அவற்றைத் தொழில்நுட்பக் குறிப்பாக ஒதுக்காமல் வாதத்தின் பகுதியாகவே எழுதுதல் வேண்டும்.

• பிழைக்கும் திரிபுக்கும் இடையிலான வேறுபாட்டை எண்ணைக் கொண்டு அறிய இயலாது. மூலத்தரவும் கணக்கீட்டு வழியும் திறந்திருக்கும்போதே மறுவாசிப்பு இயலும்.

• தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர், படிகளை அளந்த இடத்தில் ‘ஆர்.என்.ஏ. படியளவு’ என்றும், புரதத்தை அளந்த இடத்தில் ‘புரத அளவு’ என்றும் எழுதி, ‘வெளிப்பாடு’ என்னும் சொல்லை முழு நிகழ்வுக்கும் உரியதாக வைத்துக்கொள்ளலாம். பிறமொழிக் கட்டுரைகளில் நிலைத்துவிட்ட மயக்கத்தைத் தமிழ் தானும் ஏற்க வேண்டியதில்லை. படியெடுத்தல் என்னும் சொல் அதற்குத் தேவையான தெளிவை ஏற்கெனவே கொண்டுள்ளது.

பாட வேறுபாடுகளைக் காட்டாமல், எந்தச் சுவடியிலிருந்து எடுத்தது எனக் கூறாமல் வெளிவரும் பதிப்பைத் தமிழாய்வாளர் நம்பிக்கையுடன் மேற்கோள் காட்டுவதில்லை. மரபணுப் படிகளை எண்ணித் தரும் ஆய்வுரையிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம். எந்த மாதிரி, எந்த அளவுகோல், எந்தத் திருத்தம், யார் சரிபார்த்தார் என்னும் அக்கேள்விகளைக் கேட்க உயிரியல் பட்டம் தேவையில்லை. அவை கேட்கப்படாத இடத்தில் எண்ணின் பிழை நோயாளியின் உடலைச் சென்றடையும் என்பதை டியூக் நிகழ்வு காட்டியுள்ளது.